விரும்பாமல் வலையில் விழுபவை

(தவக்காலத்தில் வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. பங்குமக்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே அச்சிடுகிறோம்.)



தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் நாம் இறைச்சியை விலக்கி வைக்கிறோம். அன்று நம்மில் பலருடைய வீட்டில் மீன் குழம்பு கொதிக்கிறது. பொட்டிபுரத்திலும் போடியிலும் கடல் இல்லை. விடியற்காலையில் ஜீப்பில் மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களுக்குக் கண்ணில் படுவது மலையும் மேகமும்தான். ஆனாலும் கடற்கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் மீன் வருகிறது. மூட்டையில் கருவாடு வருகிறது. நாம் வாங்குகிறோம், சமைக்கிறோம், செபம் சொல்லிச் சாப்பிடுகிறோம். அந்த மீனோடு கூட வலையில் விழுந்து, நம் தட்டுக்கு வராமலே செத்துப்போன உயிர்களைப் பற்றி நாம் நினைப்பதில்லை. இந்தத் தவக்காலத்தில் அதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

ஆண்டவர் இயேசு விண்ணரசைக் கடலில் வீசப்பட்ட வலைக்கு ஒப்பிட்டார். மத்தேயு நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் அந்த உவமை இருக்கிறது. வலை எல்லா வகை மீன்களையும் வாரிக்கொண்டு வருகிறது. மீனவர்கள் அதைக் கரைக்கு இழுத்து, உட்கார்ந்து, நல்லவற்றைக் கூடையில் சேர்க்கிறார்கள். ஆகாதவற்றை வெளியே எறிகிறார்கள். செதிலும் துடுப்பும் இல்லாத மீனை யூதர்கள் உண்பதில்லை என்பதால் கலிலேயா மீனவர்களுக்கு இந்தத் தரம் பிரிப்பு அன்றாட வேலை. வலை கண்மூடித்தனமாக வாரும், பிரிப்பது பிறகு நடக்கும். அந்தச் சிறிய ஏரியில், கையால் இழுக்கும் கரைவலையில், அது பொருந்தியது. இன்றைய கடலில் கரைக்கு வந்த பிறகு பிரித்தால் காலம் கடந்துவிடுகிறது. ஏன் என்று பார்ப்போம்.

பங்குனி ஆமையின் கதை

நம் கிழக்குக் கடற்கரைக்கு ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஒரு விருந்தாளி வருகிறது. ஆலிவ் ரிட்லி என்று அறிஞர்கள் சொல்லும் ஆமையை நம் மீனவர்கள் பங்குனி ஆமை என்கிறார்கள். முட்டையிட அது கரையேறும் காலம் பெரும்பாலும் நம் தவக்காலத்தோடு ஒத்துவருகிறது. தாய் ஆமை இரவில் மணலேறி, பின்கால்களால் குழி தோண்டி, நூறு முட்டை அளவில் இட்டு, குழியை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். ஏறத்தாழ ஐம்பது நாளில் குஞ்சுகள் வெளிவரும். நண்டு, காகம், நாய், பெரிய மீன் எல்லாவற்றுக்கும் தப்பி வளர்ந்த ஆமையாவது ஆயிரத்தில் ஒன்று என்று சொல்வார்கள். அந்த ஒன்றும் முட்டையிடும் பருவத்தை அடையப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதனால்தான் ஒரு தாய் ஆமை சாவது பெரிய இழப்பு.

2025ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னைக் கடற்கரையிலும் அதன் தெற்கே கோவளம் வரையிலும் ஆமைகள் செத்து ஒதுங்கத் தொடங்கின. சில வாரங்களில் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கெடுத்து அரசிடம் விளக்கம் கேட்டது. செத்த ஆமைகளின் கண்கள் பிதுங்கியிருந்தன, கழுத்து வீங்கியிருந்தது. நீரில் மூச்சு முட்டிச் சாகும்போது காணப்படும் அடையாளங்கள் அவை. 1988 முதல் இரவுதோறும் சென்னைக் கரையில் நடந்து ஆமை முட்டைகளைக் காத்துவரும் மாணவர் அமைப்பினருக்கு அந்தப் பருவம் மிகவும் துயரமானதாக இருந்தது.

ஆமை கடலில் வாழ்ந்தாலும் நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடுகிறது. ஓய்வாக இருக்கும்போது நீருக்கடியில் நெடுநேரம் இருக்கும். பயந்து போராடும்போது அதன் மூச்சு விரைவில் தீர்ந்துவிடும். இழுவலை என்பது கடலின் அடியில் வாயைத் திறந்தபடி இழுத்துக்கொண்டு போகப்படும் பெரிய பை. விசைப்படகு அதை இரண்டு மணி, மூன்று மணி நேரம் இழுத்த பிறகே மேலே தூக்குகிறது. முதல் அரைமணியில் ஓர் ஆமை உள்ளே போய்விட்டால் வலை மேலே வரும்போது அது உயிரோடு இருப்பது அரிது. மீனவர் அதைத் தேடிப் போகவில்லை. ஆமை பிடிப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் தேடியது இறாலை. ஆமை கூட வந்துவிட்டது.

கூட வருவது ஆமை மட்டுமல்ல. பாக் நீரிணையில் கடற்புல் மேயும் ஆவுளியா என்ற கடற்பசுவும், ஓங்கில்களும், சுறாக்களும் வலைகளில் சிக்குகின்றன. கணக்கற்ற மீன்குஞ்சுகள் சிக்குகின்றன. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, உலகில் பிடிபட்ட பின் கடலிலேயே வீசி எறியப்படுவது ஆண்டுக்கு ஏறத்தாழ 91 லட்சம் டன். அது மொத்தப் பிடிப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். நம் துறைமுகங்களில் இப்போது எறிவது குறைவு. சங்காயம் என்ற பெயரில் அந்தப் பொடிமீன் காய்ந்து, அரைபட்டு, கோழித் தீவனமாகிறது. வளர்ந்திருந்தால் நல்ல விலைக்குப் போயிருக்கும் மீனின் குஞ்சும் அதில் உண்டு. ஆகவே மீன் சாப்பிடாமல் பிராய்லர் கோழி சாப்பிடுகிறவரும் இதிலிருந்து முழுவதும் விலகியவர் அல்ல.

சல்லடை தெரிந்தவர்களுக்குப் புரியும்

இதற்கு வழி உண்டா? உண்டு. அதைப் போடிக்காரர்களுக்கு விளக்குவது எளிது. ஏலக்காயைத் தரம் பிரிக்கும் நம் சகோதரிகளுக்குச் சல்லடையின் அருமை தெரியும். எட்டு மில்லி காய் மேலே நிற்கும், சிறியது கீழே விழும். எந்தக் கண் அளவு எந்தக் காயை விடும் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

கடலிலும் அதே கணக்குத்தான். இழுவலையின் கழுத்தில், மீன் சேரும் மடிக்குச் சற்று முன்னால், சாய்வாக ஒரு கம்பிச் சட்டம் பொருத்துகிறார்கள். இறாலும் மீனும் கம்பிகளின் இடையே புகுந்து மடிக்குப் போய்விடும். ஆமை போன்ற பெரிய உடல் கம்பியில் மோதி, சாய்வில் சறுக்கி, வலையில் வெட்டி வைத்த ஒரு திறப்பின் வழியாக வெளியே போய்விடும். திறப்பின் மேல் ஒரு மூடி வலை தொங்கும். ஆமை தள்ளினால் திறக்கும், பிறகு மூடிக்கொள்ளும். இதற்கு ஆமை விலக்கு சாதனம் என்று பெயர். துறைமுகத்தில் டெட் என்பார்கள்.

இதன் பிறப்பும் சுவையானது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சின்கி பூன் என்ற இறால் மீனவர், வலையை நிரப்பித் தொல்லை கொடுத்த சொறி மீன்களை வெளியே தள்ளுவதற்காக ஒரு கம்பிச் சட்டத்தை உருவாக்கினார். அது ஆமைகளையும் வெளியே விட்டது. மீனவர் கையில் பிறந்ததை அறிஞர்கள் சோதித்து மேம்படுத்தினார்கள். சரியாகப் பொருத்தினால் வலைக்குள் வரும் ஆமைகளில் 97 சதவீதம் தப்பிவிடும் என்று அமெரிக்காவில் கண்டறிந்தார்கள். நம் நாட்டில் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கேற்ற சாதனத்தை வடிவமைத்திருக்கிறது. அதன் சோதனைகளில் இறால் இழப்பு சராசரியாக ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே இருந்தது.

மீன்குஞ்சுக்கும் வழி உண்டு. சாதாரண வலைக்கண்ணி சாய்சதுரமானது. இழுக்கும்போது அது நீண்டு மூடிக்கொள்ளும். குஞ்சு வெளியேற முடியாது. மடிப் பகுதியில் சதுரக் கண்ணி வைத்தால் இழுத்தாலும் கண் திறந்தே இருக்கும். இழுவலை மடியின் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது நம் மாநிலத்தின் விதி. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது என்பதும் விதி. ஆமைகள் கூடுவது பெரும்பாலும் அந்தக் கரையோர நீரில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் இருப்பதும் நாம் அறிந்ததே. சாதனமும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. அப்படியிருந்தும் ஆயிரம் ஆமைகள் செத்து ஒதுங்கின.

அறியாமல் நடந்ததா, தெரிந்தும் விட்டதா?

இங்கே நம் விசுவாசம் ஒரு கேள்வி கேட்கிறது. விரும்பாமல் நடந்த தீமைக்கு மனிதர் பொறுப்பாளியா?

விடுதலைப் பயண நூல் 21ஆம் அதிகாரத்தில் முட்டும் மாட்டைப் பற்றி ஒரு சட்டம் உண்டு. ஒருவருடைய மாடு யாரையாவது முட்டிக் கொன்றுவிட்டால், அது முன்பு முட்டியதில்லை என்றால் உரிமையாளர் மேல் குற்றமில்லை. அது முட்டும் மாடு என்று முன்பே எச்சரித்திருந்தும் அவர் கட்டி வைக்காமல் விட்டிருந்தால், பொறுப்பு அவர் மேல் வருகிறது. மாட்டைத் தூண்டிவிட அவர் நினைக்கவில்லைதான். ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது. தடுக்கும் வழியும் கையில் இருந்தது. திருச்சபையின் பெரிய ஆசிரியரான புனித தாமஸ் அக்குவினாஸ் தற்காப்பைப் பற்றிப் பேசும்போது இதையே ஆராய்கிறார். ஒரே செயலுக்கு இரண்டு விளைவுகள் இருக்கலாம். ஒன்றை நாம் விரும்புகிறோம், மற்றதை விரும்பவில்லை. நோக்கம் நல்லதாக இருந்தாலும், தேவைக்கு மிஞ்சிய சேதத்தை உண்டாக்கினால் அந்தச் செயல் முறையற்றதாகிவிடும் என்கிறார்.

இணைச்சட்ட நூல் 22ஆம் அதிகாரம் இன்னும் நேராகவே வருகிறது. வழியில் ஒரு பறவைக்கூட்டைக் கண்டால், முட்டையையோ குஞ்சையோ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மேலே உட்கார்ந்திருக்கும் தாயைப் போகவிட வேண்டும். மனிதர் உண்பதைக் கடவுள் தடுக்கவில்லை. நாளை மறுபடி கூடு கட்டும் உயிரை அழிக்காதே என்கிறார். அடுத்த வசனத்தில், புது வீடு கட்டுகிறவர் மாடியில் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டும் என்ற கட்டளை வருகிறது. யாரும் விழ வேண்டும் என்று வீட்டுக்காரர் நினைப்பதில்லை. விழக்கூடும் என்று தெரிந்தால் சுவர் வைப்பது அவர் கடமை. வலையின் கழுத்தில் வைக்கும் கம்பிச் சட்டமும் அப்படி ஒரு கைப்பிடிச் சுவர்தான். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில், பிடித்ததில் பெரும்பகுதியை வீசி எறியும் மீன்பிடி முறைகள் இன்னும் தொடர்வதைச் சுட்டிக்காட்டி வருந்தினார்.

மீனவர் மேல் கல்லெறிவது எளிது

இவ்வளவு கேட்டதும், குற்றம் முழுவதும் மீனவருடையது என்று மலையடிவாரத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லத் தோன்றும். அது நீதியாகாது. தூத்துக்குடியிலும் குமரியிலும் நம் விசுவாசச் சகோதரர்கள் பலர் கடலை நம்பி வாழ்கிறார்கள். விசைப்படகில் போகும் கூலித் தொழிலாளிக்குப் பிடிபட்டதில் பங்குதான் சம்பளம். டீசல் விலை, ஐஸ் விலை, படகுக் கடன் எல்லாம் கழிந்த பிறகே அவர் கைக்குக் காசு வரும். அந்தச் சாதனத்தை நான் மட்டும் மாட்டி, பக்கத்துப் படகு மாட்டாவிட்டால் நஷ்டம் எனக்குத்தானே என்று அவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. அதனால்தான் இது தனி ஒருவரின் நல்ல மனத்தால் மட்டும் தீராது. ஒரு துறைமுகமே சேர்ந்து முடிவெடுக்க வேண்டும், அரசு மானியமும் கண்காணிப்பும் தர வேண்டும், வாங்குகிற நாமும் சேர வேண்டும். ஆமை விலக்கு சாதனம் இல்லாததால் இந்தியாவில் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா வாங்க மறுத்துவிட்டது. கடைசியில் நஷ்டம் எல்லா மீனவருக்கும் வந்து சேர்ந்தது.

மீனவரை எதிரியாக நடத்தாமல் துணையாக அழைத்த இடங்களில் நல்ல பலன் கிடைத்திருக்கிறது. குஜராத்தின் வேராவல் கரையில் ஒரு காலத்தில் திமிங்கலச் சுறாவைக் கொன்று எண்ணெய் எடுத்தார்கள். 2001இல் சட்டம் அதைக் காத்தது. ஆனால் மனங்கள் மாறியது 2004இல் தொடங்கிய ஒரு பரப்புரையால். இராமாயணச் சொற்பொழிவாளர் மொராரி பாபு அந்த மீனைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் என்று மக்களிடம் சொன்னார். மகளை யார் கொல்வார்கள்? மீனவர்கள் தங்கள் விலையுயர்ந்த வலையை அறுத்துச் சுறாவை விடுவிக்கத் தொடங்கினார்கள். அறுந்த வலைக்கு அரசு இழப்பீடு தந்தது. இதுவரை நூற்றுக்கணக்கான திமிங்கலச் சுறாக்கள் அப்படித் தப்பியிருக்கின்றன. மகாராட்டிரமும் 2018இல், பாதுகாக்கப்பட்ட உயிரை விடுவிக்க வலையை அறுத்தால் 25,000 ரூபாய் வரை ஈடு தரும் திட்டம் கொண்டுவந்தது.

நம் மாநிலத்திலும் 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. அந்தக் கரையில் வலையில் சிக்கிய கடற்பசுவை உயிரோடு விட்ட மீனவர்கள் பாராட்டும் பரிசும் பெற்றிருக்கிறார்கள். தொலைவில் ஆப்பிரிக்காவின் நமீபியாவில், தூண்டில் இரையைக் கவ்வி ஆயிரக்கணக்கில் செத்த கடற்பறவைகளைக் காக்க, படகின் பின்னால் வண்ண நாடாக் கயிறுகளைப் பறக்கவிடச் சட்டம் செய்தார்கள். நாடா படபடப்பதைப் பார்த்துப் பறவை விலகிவிடுகிறது. அந்தக் கயிறுகளைக் கட்டித் தருவது அங்குள்ள ஒரு பெண்கள் குழு. அவர்களுக்கு அது வருமானமும் ஆயிற்று. பறவைச் சாவு 98 சதவீதம் குறைந்தது.

மலையடிவாரத்தில் நம் பங்கு

அன்புக்குரியவர்களே, இதைக் கேட்டு நாம் என்ன செய்யலாம்?

முதலில், வாங்கும்போது பார்ப்போம். நெத்திலியும் சாளையும் இயல்பாகவே சிறிய மீன்கள், அவற்றை வாங்கலாம். கையளவு வஞ்சிரம் குஞ்சு வேறு. அதை வாங்காமல் விட்டால் வியாபாரிக்குப் புரியும். அவர் துறைமுகத்தில் சொல்வார். தடைக்காலத்தில் மீன் விலை ஏறினால் முணுமுணுக்காமல் காய்கறியோடு திருப்தி அடைவோம். அந்த 61 நாட்கள் கடலுக்கான நோன்பு என்று எண்ணுவோம்.

அடுத்து, கடற்கரையில் உறவினரோ நண்பரோ உள்ளவர்கள் ஒரு செய்தியைக் கொண்டுபோகலாம். வலையில் வரும் ஆமை அசையாமல் இருந்தால் செத்துவிட்டது என்று உடனே கடலில் எறியக் கூடாது. அது மயங்கியிருக்கலாம். வயிறு கீழே இருக்கும்படி வைத்து, பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி, நிழலில், ஈரத்துணி போர்த்தி வைத்தால் நுரையீரல் நீர் வடிந்து சில மணி நேரத்தில் பிழைத்துக்கொள்வது உண்டு. பிழைத்தபின் எஞ்சினை நிறுத்தி, மெதுவாக நீரில் விட வேண்டும்.

கடைசியாக, நம் சொந்த வலையைப் பார்ப்போம். ஏலக்காய்ப் பூ காயாக மாறுவது தேனீயால். தேனீ பூவுக்கு வருவது பெரும்பாலும் முற்பகலில். அந்த நேரத்தில் பூச்சிமருந்து தெளித்தால், புழுவுக்கு வைத்த குறி தேனீயைக் கொல்கிறது. தெளிப்பவர் தேனீயைக் கொல்ல நினைக்கவில்லை. மீனவர் ஆமையைக் கொல்ல நினைக்காதது போலத்தான். தெளிப்பதைப் பிற்பகலுக்குத் தள்ளுவதும், அளவுக்கு மேல் தெளிக்காததும் நம் தோட்டத்தின் கம்பிச் சட்டம். தோட்ட உரிமையாளர்களும் மேஸ்திரிகளும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். தெளிக்கும் தொழிலாளியின் நுரையீரலும் அந்த மருந்தின் வழியில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

இந்தக் கேள்வி பொட்டிபுரத்து மக்களுக்குப் புதியதல்ல. அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டம் வந்தபோது, அறிவியலின் நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும், அதோடு கூட எங்கள் நீருக்கும் மலைக்கும் என்ன ஆகும் என்றுதான் இங்குள்ளவர்கள் கேட்டார்கள். திட்டத்தைப் பற்றி அவரவருக்கு ஒரு கருத்து இருக்கலாம். கேள்வி நல்ல கேள்வி. பிறர் வேலையைப் பார்த்துக் கேட்ட அதே கேள்வியை நம் வேலையைப் பார்த்தும், நம் தட்டைப் பார்த்தும் கேட்பதுதான் மனமாற்றம்.

உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் சீடர்களுக்குக் காட்சி கொடுத்தபோது, வலையில் 153 பெரிய மீன்கள் இருந்தன என்றும், அத்தனை இருந்தும் வலை கிழியவில்லை என்றும் யோவான் எழுதுகிறார். ஆண்டவர் கரையில் நெருப்பு மூட்டி உணவு தயார் செய்து காத்திருந்தார். மீனவரின் உழைப்பை அவர் மதித்தார், அவர்கள் பசியையும் அறிந்திருந்தார். இந்த வாரம் நம் அன்பியக் கூட்டங்களில் கடற்கரைப் பங்குகளின் குடும்பங்களுக்காகவும், படகேறிப் போகிறவர்கள் நலமாகத் திரும்பவும், இப்போது நம் கரைகளில் முட்டையிட வரும் உயிர்களுக்காகவும் செபிப்போம்.

மன்றாடுவோம். கடலையும் மலையையும் படைத்த தந்தையே, எங்கள் உணவுக்காக உழைக்கும் மீனவர்களைக் காத்தருளும். நாங்கள் விரும்பாமலே செய்யும் தீமைகளைக் காண எங்கள் கண்களைத் திறந்தருளும். கண்டபின் அவற்றைத் தவிர்க்கும் மனவுறுதியைத் தந்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.